பழைய புல்லட் இழுக்கவில்லையா? எஞ்சின் கோளாறு காணும் முறை

சென்ற ஆண்டு மழைக்காலம் முடியும் தறுவாயில், சென்னிமலைப் பக்கத்திலுள்ள தொடக்கக் கடன் சங்கமொன்றின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தேன். நெசவாளர்களும், மஞ்சளும் தென்னையும் பயிரிடுவோரும் ஒருங்கே அங்கத்தினராயுள்ள சங்கம் அது. நகைக் கடன் மேசையின் முன், ஐம்பது வயது மதிக்கத்தக்க நெசவாளர் ஒருவர் ஒரு ஜோடித் தோட்டையும் சிறு சங்கிலியொன்றையும் வைத்துக்கொண்டு நின்றார். கடன் எதற்கு என்று செயலாளர் வினவினார். "வண்டிக்கு ரீபோர் செய்யணுங்க. எஞ்சின் இழுக்கறதில்லை. பதினெட்டாயிரம் ஆகும்னு சொல்லியிருக்காங்க" என்றார் அவர்.

வண்டி 1996-ம் ஆண்டில் செய்யப்பட்ட புல்லட். பாவும் நூலும் வாங்கிச் செல்வதும், நெய்த போர்வைகளைக் கொண்டுவந்து சேர்ப்பதும் அதிலேதான். வண்டி நின்றால் தறியும் நிற்கும் என்பது அவர் நிலைமை. நகைக் கடன் பெறுவது அங்கத்தினரின் உரிமை; அதில் குறுக்கிடுவது ஆய்வாளரின் வேலையன்று. ஆயினும், "இரண்டு நாள் பொறுக்க முடியுமா, ஐயா? வண்டியை நானும் ஒருமுறை பார்க்கிறேன்" என்று கேட்டுக்கொண்டேன். அவரும் இசைந்து, நகைகளை மீண்டும் துணியில் முடிந்துகொண்டார்.

அவ்வாறு நான் கேட்டதற்குக் காரணம் உண்டு. வேலையில் சேர்ந்த முதல் ஆண்டில் நானும் ஒரு பழைய புல்லட்டை வாங்கினேன். பத்து கிலோமீட்டர் ஓடியதும் அது வலுவிழந்து நின்றுவிடும். எஞ்சினைப் பிரித்துவிடலாம் என்று அவசரப்பட்டவன் நானே. கடன் வாங்கி ரீபோர் செய்து முடித்த பத்தாம் நாள் வண்டி அதே இடத்தில் அதே விதமாக நின்றது. பெட்ரோல் டாங்கின் மூடியிலுள்ள காற்றுத் துளையை, மெழுகிட்டு மெருகேற்றியபோது நானே அடைத்துவிட்டிருந்தேன்! ஓர் ஊசியால் தீர வேண்டிய காரியத்துக்கு ஓராண்டு தவணை கட்டினேன். அன்று கற்ற பாடத்தை நமது அங்கத்தினர்களுக்கு முறையாக எடுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எஞ்சின் வேண்டுவது நான்கு

இங்கே நாம் கவனிப்பது வார்ப்பிரும்பு சிலிண்டர் கொண்ட பழைய 350 புல்லட். இங்கிலாந்து நாட்டு ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955-ல் என்ஃபீல்டு இந்தியா என்ற நிறுவனத்தைத் தோற்றுவித்தன. சென்னையை அடுத்த திருவொற்றியூரில் இந்த வண்டி உருவாகி வந்தது. தாய்க் கம்பெனி இங்கிலாந்தில் 1970-ல் மறைந்தபோதும் சென்னையில் உற்பத்தி நிற்கவில்லை. 2010-ஐ ஒட்டிப் புதிய அமைப்புடைய எஞ்சின் வந்த பிறகே பழைய எஞ்சின் ஓய்வு பெற்றது. 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டரில் பிஸ்டன் 90 மில்லிமீட்டர் தூரம் ஏறியிறங்கும்; கொள்ளளவு 346 கன சென்டிமீட்டர். அடக்கமான வேகத்தில் பாரமிழுக்க ஏற்ற எஞ்சின் ஆதலால் கிராமப்புறங்களில் இன்றும் பல வண்டிகள் உழைத்து வருகின்றன.

இந்த எஞ்சின் வேண்டுவன நான்கே. ஒன்று, பெட்ரோலும் காற்றும் தக்க விகிதத்தில் கலந்த கலவை. இரண்டு, அக்கலவை கசிந்துவிடாமல் சிலிண்டருக்குள் அழுத்தப்படுதல். மூன்று, உரிய தருணத்தில் வலுவான தீப்பொறி. நான்கு, எரிந்த புகை தடையின்றி வெளியேறுதல். எஞ்சின் இழுக்காததற்கு இந்நான்கில் ஒன்றிலோ பலவற்றிலோ நேர்ந்த குறைதான் காரணமாயிருக்கும். ரீபோர் என்பது இரண்டாவதாகக் கூறிய அழுத்தக் குறைவுக்கு மருந்து. அக்குறைவுக்கு ஏற்படும் காரணங்களிலும் அது ஒன்றைத்தான் தீர்க்கும். ஏனைய மூன்றையும் சோதியாமல் ரீபோர் செய்வது, தலைவலிக்காரனுக்குக் காலில் கட்டுப் போடுவதை ஒக்கும்.

முதலில் கேள்வி, பிறகு ஸ்பானர்

துணியில் குறை விழுந்தால் நெசவாளர் தறியைப் பிரித்துப் போடுவதில்லை. பாவில் இழை அறுந்ததா, விழுதில் கோத்தது தவறா, அச்சில் பல் வளைந்ததா, தாரில் நூல் சிக்கியதா என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்கிறார். பம்பு செட்டில் தண்ணீர் வராவிட்டால் விவசாயி மோட்டாரைக் கழற்றுமுன் ஃபுட் வால்வைப் பார்க்கிறார். எஞ்சினுக்கும் இதே முறைதான்.

முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் சில உள. கோளாறு என்று தொடங்கியது? அதற்குச் சற்று முன் வண்டியில் ஏதேனும் மாற்றினார்களா? காலையில் குளிர்ந்த நிலையிலும் உண்டா, சூடேறிய பின் மட்டும் வருகிறதா? மெதுவாகப் போகையிலா, முழு ஆக்ஸிலரேட்டரிலா? சற்று நேரம் நிறுத்தி வைத்தால் சரியாகிறதா? இவற்றுக்கு விடை தெரிந்தாலே பாதிச் சந்தேகம் நீங்கிவிடும்.

அடுத்து ஒரு நியதி. ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும்; மாற்றியதும் ஓட்டிப் பார்த்து, கண்டதை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். பிளக், பாயிண்ட், ஜெட் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால், வண்டி சரியானாலும் எதனால் சரியாயிற்று என்று தெரியாது; கெட்டாலும் எதனால் கெட்டது என்று தெரியாது. ரசீதில்லாத செலவைப் போன்றது அது.

எஞ்சினைக் குறை கூறுமுன்

இழுக்காத வண்டியில் எஞ்சின் குற்றமற்றதாயிருப்பதும் உண்டு. நியூட்ரலில் வைத்து வண்டியைத் தள்ளிப் பாருங்கள். பிரேக் கட்டை டிரம்மைப் பிடித்துக்கொண்டிருந்தால் சக்கரம் கனமாகச் சுழலும். சிறிது தூரம் ஓட்டியபின் டிரம் தொட முடியாதபடி சுடும். டயரில் காற்றுக் குறைவும், எண்ணெயின்றி இறுகிய செயினும் இதே குறையைத் தரும்.

ஏற்றத்தில் எஞ்சினின் இரைச்சல் கூடியும் வேகம் கூடாவிட்டால் க்ளட்ச் வழுக்குகிறது என்று பொருள். க்ளட்ச் கம்பியில் சிறிதேனும் தளர்வு இருக்க வேண்டும். தளர்வேயில்லாமல் இறுக்கி வைத்தால், கையை விட்ட பின்னும் க்ளட்ச் பாதி அழுத்தப்பட்டே நிற்கும். இவையெல்லாம் காசு செலவில்லாமல் பார்க்கக் கூடியவை; ஆதலால் இவற்றையே முதலில் பார்க்க வேண்டும்.

தீப்பொறி

பழைய புல்லட்டில் தீப்பொறி பாட்டரி, காயில், பாயிண்ட், கண்டென்சர் ஆகியவற்றின் வழியாகப் பிறக்கிறது. பாயிண்ட் மூடியிருக்கையில் காயிலில் மின்சாரம் ஓடுகிறது. அது திறக்கும் கணத்தில் பிளக்கில் பொறி தெறிக்கிறது. பாட்டரி மெலிந்திருந்தால் பொறியும் மெலியும். ஆகவே பாட்டரியின் முனைகளைச் சுத்தம் செய்து இறுக்குவது முதற் காரியம்.

பிறகு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். எஞ்சினின் நாடியைப் பிடித்துப் பார்ப்பதற்கு இது சமம். முனை இளம் பழுப்பாயிருந்தால் கலவை சரி. உலர்ந்த கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, சூடும் மிகுதி. எண்ணெய்ப் பசையோடு ஈரமாயிருந்தால் சிலிண்டருக்குள் எண்ணெய் ஏறுகிறது. பிளக்கின் இடைவெளி அரை மில்லிமீட்டரை ஒட்டியிருக்க வேண்டும். கழற்றிய பிளக்கைத் தொப்பியில் செருகி, எஞ்சின் உடம்பில் படும்படி வைத்து, கிக்கரை மிதித்தால் பொறியைக் காணலாம். நீலமாகச் சடக்கென்று தெறிப்பது நல்ல பொறி. மஞ்சளாகச் சோர்ந்து தெறிப்பது நோயுற்ற பொறி. பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வெளிவரும். பிளக்கை அத்துளைக்கு எட்ட வைத்தே இச்சோதனையைச் செய்க.

பாயிண்டின் இடைவெளி, அது முழுவதும் திறந்திருக்கையில் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இருத்தல் வேண்டும். இதை அளக்க ஃபீலர் கேஜ் என்னும் தகட்டுக் கொத்து போதும். இங்கே ஓர் உண்மையைப் பலரும் மறந்துவிடுகின்றனர். கேமின் மீது உராயும் பாயிண்டின் குதிப்பகுதி நாளடைவில் தேய்கிறது. தேயத் தேய இடைவெளி குறைகிறது. குறையவே பாயிண்ட் தாமதமாகத் திறக்கிறது. பொறியும் தாமதமாகவே பிறக்கிறது. தாமதமான பொறியினால் எஞ்சின் வலுவிழக்கும், மிதமிஞ்சிச் சூடேறும், ஏற்றத்தில் திணறும். ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாக நேர்வதால், "எஞ்சின் கிழடாகிவிட்டது" என்று நாம் எண்ணிவிடுகிறோம். இதற்கு மாறாகப் பொறி முந்திப் பிறந்தால், பாரமேறும்போது உள்ளே கற்கள் மோதுவதுபோன்ற ஒலி கேட்கும். கிக்கர் திருப்பி அடிக்கும். புல்லட்டின் கிக்கர் அடித்தால் கால் முறியவும் கூடும் ஆதலின் இதில் அலட்சியம் ஆகாது. முதலில் இடைவெளியைச் சரிசெய்து, அதன் பின்னரே டைமிங்கைச் சரிசெய்ய வேண்டும். வரிசையை மாற்றினால் செய்த வேலை வீணாகும்.

இந்த வண்டிகளின் முகப்பிலுள்ள அம்மீட்டர் வெறும் அலங்காரமன்று. சாவியைப் போட்டு, டீகம்ப்ரசர் நெம்பை அழுத்தியவாறு கிக்கரை மெல்ல நகர்த்துங்கள். பாயிண்ட் மூடும்போது முள் இடப்புறம் சாயும். திறக்கும்போது நடுவுக்குத் திரும்பும். முள் அசையவே இல்லையெனில் பாயிண்டுக்கு மின்சாரம் வரவில்லை, அல்லது பாயிண்டில் அழுக்கேறித் தொடர்பு அறுந்திருக்கிறது. சாய்ந்தது சாய்ந்தபடியே நின்றால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது கண்டென்சர் உள்ளே ஒட்டிக்கொண்டது என்று கொள்ளலாம்.

கண்டென்சரைப் பற்றித் தனியே கூறவேண்டும். விரல் நுனியளவேயான இச்சிறு பாண்டம், பாயிண்ட் திறக்கும்போது அங்கே தீப்பொறி விரயமாகாமல் காத்து, பிளக்கில் பொறி வலுவாக விழ உதவுகிறது. இது பழுதானால் பாயிண்டின் முகத்தில் பெரிய பொறிகள் தெறிக்கும். முகம் கருகிக் குழி விழும். பிளக்கில் பொறி சோரும். குளிர்ந்திருக்கையில் ஒழுங்காகவும், சூடேறியபின் ஒழுங்கற்றும் வேலை செய்வது பழுதான கண்டென்சரின் வழக்கமான குணம்.

பெட்ரோலும் காற்றும்

கலவையில் ஐயம் எழுந்தால், டாங்கிலிருந்து தொடங்கிக் கீழே வாருங்கள். ஓடி நின்ற வண்டியின் டாங்க் மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கப்பட்டால், மூடியின் துளை அடைந்திருக்கிறது. அடுத்து, எஞ்சின் ஆறிய பிறகு, அருகில் நெருப்பில்லாத வெளியிடத்தில், பெட்ரோல் குழாயைக் கார்புரேட்டரிலிருந்து கழற்றி ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். தடையின்றி ஓடிவர வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் டேப்பிலுள்ள வலையைச் சுத்தம் செய்க. பிடித்த பெட்ரோலைச் சிறிது நேரம் அசையாமல் வைத்தால் தண்ணீரும் துருவும் அடியில் தங்கிக் கண்ணுக்குத் தெரியும்.

கார்புரேட்டரில் எந்தப் பகுதி பழுது என்பதை ஆக்ஸிலரேட்டரின் நிலையே காட்டிக் கொடுக்கும். ஐட்லிங்கிலும் கால் பாகத் திறப்புவரையிலும் பைலட் ஜெட். கால் பாகத்திலிருந்து முக்கால் பாகம் வரை ஊசி. அதற்கு மேல் மெயின் ஜெட். சந்தையில் மெதுவாக நன்றாக ஓடி, நெடுஞ்சாலையில் முழுத் திறப்பில் மட்டும் திணறும் வண்டிக்குப் பைலட் ஜெட்டைக் குடைவதில் பயனில்லை. ஜெட்டுகளைச் சுத்தம் செய்யக் காற்றை ஊதினாலே போதும். இரும்புக் கம்பியை நுழைத்தால் துளை பெரிதாகி ஜெட்டே கெட்டுவிடும்.

சோக்கைக் கொண்டு ஒரு சோதனை செய்யலாம். வண்டி திணறும் வேகத்தில் சோக்கைச் சிறிது இழுத்துப் பாருங்கள். ஓட்டம் தேறினால் பெட்ரோல் போதவில்லை, அல்லது வேறெங்கோ காற்று புகுகிறது. மேலும் மோசமானால் பெட்ரோல் அதிகம், அல்லது ஏர் ஃபில்டர் அடைந்துள்ளது. பஞ்சுத் தூசு பறக்கும் தறிக் கூடத்தின் வாசலிலும், களத்து மேட்டிலும் நிறுத்தப்படும் வண்டிகளில் ஏர் ஃபில்டரை மறந்துவிடலாகாது. கார்புரேட்டர் எஞ்சினோடு சேருமிடத்தில் காற்று கசிகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கசிவிருந்தால் ஐட்லிங் நிலைகொள்ளாமல் ஏறியிறங்கும்.

எத்தனால் கலந்த பெட்ரோல்

கரும்பு பயிரிடும் அங்கத்தினர்கள் எத்தனாலை நன்கறிவர். கரும்புச் சாறு, ஆலை வெல்லப்பாகு, மக்காச்சோளம் முதலியவற்றிலிருந்து எடுக்கப்படும் இச்சாராயம் பெட்ரோலில் கலக்கப்படுகிறது. நாடு முழுவதும் இக்கலப்பு 2022-ல் நூற்றுக்குப் பத்துப் பங்கை எட்டியது. இருபது பங்கு கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்து, 2025-ல் நாடெங்கும் பரவியது. விவசாயிக்கு இதனால் சந்தை கிடைக்கிறது. அதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் பழைய வண்டி இதற்காகச் செய்யப்பட்டதன்று என்பதையும் நாம் அறிந்திருத்தல் நலம்.

எத்தனாலில் பிராணவாயு சேர்ந்திருக்கிறது. ஆகவே பழைய அளவு ஜெட்டுள்ள கார்புரேட்டரில் கலவை முன்னினும் மெலிந்ததாகிறது. அளவுக்கு அளவு பார்த்தால் எத்தனாலின் எரிசக்தி பெட்ரோலைவிட மூன்றிலொரு பங்கு குறைவு. இருபது பங்கு கலப்பில் நூற்றுக்கு ஆறு ஏழு பங்கு சக்தி குறையும் என்பது கணக்கு. மேலும் அது ஈரத்தை ஈர்க்கும். ஈரம் மிகுந்தால் எத்தனாலும் நீரும் சேர்ந்து டாங்கின் அடியில் தனியே பிரிந்து நிற்கும். பழைய ரப்பர்க் குழாய்களையும் வாஷர்களையும் அது ஊறச் செய்து கெடுக்கும். டாங்கில் ஆண்டுக்கணக்காகப் படிந்த கசடைக் கரைத்துக் கார்புரேட்டருக்குக் கொண்டுவந்தும் சேர்க்கும்.

இதற்குப் பரிகாரங்கள் எளியவை. வண்டியை வாரக்கணக்கில் நிறுத்துவதானால் டேப்பை மூடி, கார்புரேட்டர் கிண்ணத்திலுள்ள பெட்ரோலை வடித்துவிடுங்கள். குழாய்கள் எத்தனாலைத் தாங்கும் வகையா என்று கேட்டு வாங்குங்கள். பிளக் வெளுத்தே காணப்பட்டால், கார்புரேட்டர் ஊசியின் கிளிப்பை ஒரு காடி கீழே இறக்கினால் ஊசி உயர்ந்து பெட்ரோல் சற்றுக் கூடும். ஒரு காடி இறக்கி ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்ததைப் பற்றி யோசிக்க வேண்டும்.

அழுத்தம்

இனித்தான் ரீபோரைப் பற்றிய பேச்சு. சாவி போடாமல், டீகம்ப்ரசரைத் தொடாமல், கிக்கரின் மீது மெல்லப் பாரம் வையுங்கள். நல்ல எஞ்சின் ஒரு நிலையில் உங்கள் எடையைத் தாங்கி நிற்கும். அவ்வாறு நில்லாமல் கால் சுலபமாக இறங்கினால் அழுத்தம் எங்கோ கசிகிறது. அது எங்கே?

முதலில் டீகம்ப்ரசர். அதன் கம்பி இறுகியிருந்தாலோ, அதன் சிறு வால்வில் கரி ஒட்டியிருந்தாலோ அழுத்தம் அவ்வழியே ஓடிவிடும். கம்பியைத் தளர்த்திப் பாருங்கள்.

இரண்டாவது புஷ்ராடு. எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கையில், இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும் அழுத்த நிலையில் பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, வலப்புறச் சிறு மூடியைத் திறந்து, புஷ்ராடுகளை விரலால் சுழற்றுங்கள். தடையின்றிச் சுழல வேண்டும். ஆனால் மேலும் கீழும் ஆடலாகாது. சூடேறும்போது சிலிண்டர் நீள்வதால் வேண்டிய இடைவெளி தானே உண்டாகிவிடும். சுழல மறுத்தால் வால்வு முழுவதும் மூடவில்லை என்று அர்த்தம். அப்படியே ஓட்டினால் அழுத்தம் கசிவதோடு வால்வும் கருகும்.

மூன்றாவது எண்ணெய்ச் சோதனை. பிளக் துளை வழியே ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெயை விட்டு, சில முறை கிக்கரைச் சுற்றியபின், பிளக்கைப் பொருத்தி மீண்டும் அழுத்தம் பாருங்கள். கிக்கர் முன்னைவிட நன்றாகத் தாங்கினால் பிஸ்டன் ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்துள்ளது. எண்ணெய் விட்டும் மாற்றமில்லையெனில் குறை வால்விலோ ஹெட் காஸ்கெட்டிலோ இருக்கிறது. அதற்கு ரீபோர் பயன்படாது. பதினெட்டாயிரம் ரூபாய்க் கேள்விக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய் விடை கூறுகிறது!

சிலிண்டர் மெய்யாகவே தேய்ந்திருந்தால் ரீபோர் செய்யத்தான் வேண்டும், தள்ளிப்போடலாகாது. ஆனால் ஒவ்வொரு முறையும் குடைந்தெடுத்த இரும்பு மீண்டும் வருவதில்லை. பெரிய அளவுப் பிஸ்டன்களும் சில படிகளே உண்டு. முதலைக் கரைத்துச் செலவு செய்வது போன்றது அது. தக்க காரணமின்றிச் செய்யலாகாது.

எண்ணெயும் புகையும்

கரும்புகை பெட்ரோல் மிகுதியைக் காட்டும். நீலப்புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். நீலப்புகை கண்டதும் ரிங் போய்விட்டது என்று முடிவு செய்யலாகாது. இந்த எஞ்சினில் பல நாள் நின்ற வண்டியின் எண்ணெய், தன் அறையிலிருந்து கிராங்க் அறைக்குள் கசிந்து இறங்கிவிடும். அப்போது அளவுக் கம்பியைப் பார்ப்பவர் எண்ணெய் குறைந்துவிட்டது என்று மேலும் ஊற்றுகிறார். எஞ்சின் ஓடியதும் எண்ணெய் மிகுந்து புகையாக வெளியேறுகிறது. சில நிமிஷம் ஓடவிட்டு நிறுத்திய பின்பே அளவு பார்ப்பது முறை. சைலன்சரின் வாயில் கையை நீட்டி, புகை தடையின்றி வருகிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். கரியடைத்த சைலன்சர் எஞ்சினின் மூச்சையே அடைக்கும்.

அந்த வண்டிக்கு நேர்ந்தது

நெசவாளரிடம் நான் கேட்ட கேள்விகளுக்குக் கிடைத்த விடைகள் இவை. காலையில் ஒரே மிதியில் எஞ்சின் கிளம்பும். ஆறேழு கிலோமீட்டருக்குப் பின் தட்டித் தடுமாறும், ஏற்றத்தில் நின்றுவிடும். கால் மணி நேரம் நிழலில் நிறுத்தினால் மீண்டும் ஓடும். புகை அதிகமில்லை. தேய்ந்த சிலிண்டர் முதல் கிலோமீட்டரிலும் தேய்ந்ததே. அது கால் மணி நேரத்தில் வளர்ந்துவிடாது என்பதை அவரும் உடனே ஒப்புக்கொண்டார்.

மறுநாள் மாலை இருவரும் சென்னிமலைக் கோயிலுக்குச் செல்லும் மலைப்பாதையில் வண்டியைச் செலுத்தினோம். பாதி வழியில் நின்றது. டாங்க் மூடியைத் திறந்தோம், காற்று இழுக்கவில்லை. பெட்ரோல் குழாயில் குறையில்லை. பாயிண்ட் மூடியைக் கழற்றி அவரைக் கிக்கரை மிதிக்கச் சொன்னேன். பாயிண்டில் பெரும் பொறி தெறித்தது. பிளக்கில் மங்கலான மஞ்சள் பொறியே கண்டது. புதுக் கண்டென்சரும் புதுப் பாயிண்டும் போட்டு, இடைவெளியையும் டைமிங்கையும் உள்ளூர் மெக்கானிக்கைக் கொண்டே சரிசெய்தோம். அவரும் திறமையானவர்தாம். "எஞ்சின் இழுக்கவில்லை" என்று மட்டும் அவரிடம் கூறப்பட்டதே தவிர, எப்போது, எப்படி என்று ஒருவரும் கூறவில்லை. செலவு ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. அதே பாதையில் இருவரையும் சுமந்துகொண்டு வண்டி மூன்றாம் கியரில் ஏறியது.

எண்ணெய்ச் சோதனையையும் செய்தோம். அழுத்தம் சிறிது கூடிற்று. எனவே ரிங் ஓரளவு தேய்ந்திருப்பது மெய்யே. ஓரிரு ஆண்டுகளில் அவ்வேலை வரத்தான் செய்யும். அதை நான் அவரிடம் மறைக்கவில்லை. அவர் சங்கத்தில் மாதந்தோறும் ஒரு சிறு தொகையை அதற்கெனத் தொடர் வைப்பாகச் செலுத்தத் தொடங்கியிருக்கிறார். வேலை வரும் நாளில் வட்டி கொடுப்பவராக இராமல் வட்டி பெற்றவராக இருப்பார். நகைகள் மேசைக்குத் திரும்பி வரவில்லை.

கடன் வாங்குவது குற்றமன்று. அதற்காகவே சங்கம் இருக்கிறது. ஆனால் எதற்குக் கடன் என்பதைத் திட்டமாக அறிந்து வாங்குவதே கூட்டுறவின் முதற்பாடம். ஆகவே, பழைய வண்டி வைத்திருக்கும் அங்கத்தினர்களுக்கு எனது வேண்டுகோள் இதுவே. ஒரு ஃபீலர் கேஜ், ஒரு பிளக் ஸ்பானர், உபரியாக ஒரு கண்டென்சர், ஒரு பாயிண்ட், ஒரு பிளக் ஆகியவற்றை வண்டியின் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். கண்ட குறையையும் செய்த பரிகாரத்தையும் தேதியிட்டு எழுத ஒரு சிறு நோட்டும் அவற்றோடு இருக்கட்டும். மெக்கானிக்கிடம் செல்லும்போது அந்நோட்டை முதலில் நீட்டுங்கள். வண்டியைப் பிறகு காட்டலாம்.